போதுமா, அத்தான்?

விடுதி வாசலில் நான்கு கல்படிகள். கீழ்ப்படியில் ஈரமான கால்தடம் ஒன்று இருந்தது. செருப்பில்லாத இடது கால். ஐந்து விரலும் தனித்தனியாகப் பதிந்து, வெளியே மூடிக் கிடந்த பனியைப் பார்த்தபடி இருந்தது. யாரோ விடுதியிலிருந்து இறங்கிப் போயிருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிற யாரும் நினைப்பார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் திரும்பிக் கூடத்தில் இருந்தவர்களை எண்ணினார். வேனில் வந்த ஆறு பேரும் உள்ளேதான் இருந்தார்கள், ஆறு பேர் காலிலும் செருப்போ ஷூவோ இருந்தது. விடுதிக்காரம்மா சமையலறையில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது, அந்த அம்மாள் குளிருக்குக் கம்பளிக் காலுறை போட்டிருந்ததை அவர் வந்ததுமே பார்த்திருந்தார்.

இப்படி எதையும் விடாமல் பார்க்கிறது அவருக்குத் தொழில் தந்த குணம். இருபத்தைந்து வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை. இது தெளிவா, அது தெளிவா என்று ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துச் சோதித்து, தன் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கத் தெரியாத மனுஷர். மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான் இந்த மலைப் பயணத்துக்கே கிளம்பினார். ஒன்பது வருஷமாக அவர்கள் எங்கேயும் போனதில்லை. கிளம்பும்போது கேமரா எடுத்துக்கலையா என்று அவள் கேட்டதற்கு, ரிப்பேர் என்றார். அது ரிப்பேரும் இல்லை, ஒன்றும் இல்லை.

மேலே மூன்றாவது வளைவில் பாறை உருண்டு சாலை அடைபட்டுவிட்டது. மாலைக்குள் சரியாகிவிடும் என்று சொல்லி வேன் டிரைவர் எல்லோரையும் இங்கே இறக்கிவிட்டார். மணி இரண்டுதான். ஆனால் வெளியே வெயிலும் இல்லை, இருட்டும் இல்லை. சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது மாதிரி ஒரு வெளுப்பு, அது திறந்த கதவு வழியாகக் கூடத்துக்குள் மெல்ல மெல்ல நுழைந்து, ஈர விறகின் வாசனையோடும் பழைய கம்பளத்தின் முடை நாற்றத்தோடும் கலந்து, நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டு நின்றது. எங்கோ தகரத்தின்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"சும்மா கொட்டாவி விட்டுட்டு உட்கார்ந்திருக்கறதுக்கு, ஆளுக்கு ஒரு கதை சொல்லலாமே" என்றாள் நர்ஸ். ஐம்பது வயசு, தனியாகவே உலகம் சுற்றுகிறவள், வேன் கிளம்பியதிலிருந்து வாய் ஓயவில்லை. "இதுவரைக்கும் பார்த்ததிலேயே அதிசயமான இடம் எது? நானே ஆரம்பிக்கறேன்."

அவள் சொன்னது ஓர் உப்பு வெளி.

"கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளை. ஒரு மரம் கிடையாது, ஒரு கல் கிடையாது. மழை பெஞ்சு ஒரு விரக்கடை தண்ணி நின்னுச்சுன்னா, வானம் அப்படியே காலுக்குக் கீழ இறங்கிடும். மேகத்து மேல நடக்கலாம். நடந்தா தலை சுத்தும், எது மேல எது கீழன்னு தெரியாது. எட்டு வருஷம் இருக்கும். அங்க ஒரு பையன், இருபத்து நாலு இருபத்தஞ்சு வயசு. என்னை ஒரு போட்டோ எடுங்கன்னான். அவன்கிட்ட கேமரா இல்லை, என்னோடதுல எடுக்கச் சொல்றான். சரி போகட்டும்னு எடுத்தேன். அவன் பாட்டுக்குப் பின்னால போய்க்கிட்டே இருக்கான். போதுமாங்கறான். ஒரு அடி போறான். போதுமாங்கறான். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. கடைசியில எறும்பு மாதிரி ஆயிட்டான். அங்கேயிருந்தும் குரல் மட்டும் கேக்குது, பக்கத்துல நின்னு கேக்கற மாதிரி."

"பைத்தியமா இருக்கும்" என்றான் புதுமாப்பிள்ளை. அவனுக்கும் அவன் மனைவிக்கும் கல்யாணமாகி எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரரும் சிரித்துவைத்தார். உலகத்தில் போட்டோ எடுக்கச் சொல்கிறவர்களுக்கா பஞ்சம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து வாசலைப் பார்த்தார். கீழ்ப்படி காய்ந்திருந்தது. அதற்கு மேற்படியில் ஒரு தடம். ஷூ போட்ட வலது கால். அதுவும் வெளியே பார்த்தபடி.

அடுத்து டிரைவர். முன்பு லாரி ஓட்டியவர், அளந்துதான் பேசுவார்.

"ஒரு அணை இருக்கு சார். தண்ணி வத்தினா, முங்கிப்போன பழைய ரோடு வெளிய வரும். மைல்கல்லு, விளக்குக் கம்பம் எல்லாம் அப்படியே நிக்கும். ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவுல நாம. போன கோடையில குறுக்குவழின்னு அதுல இறங்கிட்டேன். முன்னால ஒருத்தன் நடந்து போறான், ஆனா முகம் என்னைப் பார்த்து இருக்கு. பின்னாலயே நடக்கறான் சார். லாரி வேகத்துக்கு நடக்கறான். ஒரு கால்ல ஷூ, இன்னொரு கால் வெறுங்கால். ஏன்டா, எங்க போறேன்னு கேட்டேன். போதும்னு இன்னும் சொல்லலை, சொன்னதும் நின்னுடுவேன்னான். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போறதில்லை."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்காரரின் மனைவி தேநீர்க் கோப்பையை உதட்டருகே பிடித்தபடி அப்படியே இருந்தாள். "எந்தக் கால்ல ஷூ இல்லை?" என்று கேட்டாள்.

"இடது கால்னு ஞாபகம்மா."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்பு, மூன்று நாள் தேடி, அருவிக்குக் கீழே பாறை இடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது ஒரே ஒரு இடது கால் ஷூ. வேறு எதுவும் கிடைக்கவில்லை. அது அவளுடைய ஒரே தம்பியின் ஷூ. அதை இன்றைக்கும் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

அந்த அருவியை நினைக்காமல் கண்ணாடிக்காரர் ஒரு நாளும் தூங்கியதில்லை. மச்சினன் பாறைமேல் நிற்கிறான், அருவியின் உச்சி படத்தில் விழமாட்டேன் என்கிறது. போதுமா அத்தான் என்று அவன் கேட்கிறான். அவன் குதிகாலுக்குப் பின்னால் பச்சைப் பாசி மினுமினுக்கிறது. அவர் கண்ணுக்கு அது தப்பவில்லை, தப்புகிற கண்ணா அது? இருந்தாலும் படம் முழுசாக வேண்டும் என்ற ஆசை. இன்னும் ஒரு அடி என்றார். அவன் சிரித்துக்கொண்டே பின்னால் காலை எடுத்தான். அவர் பொத்தானை அழுத்தினார். படத்தில் அருவி உச்சி முதல் அடி வரை அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. ஆள்தான் இல்லை.

மனைவியிடம் அவர் சொன்னது வேறு. போதும் போதும் என்று கத்தினேன், அவன்தான் கேட்கவில்லை என்றார். அவனைப் பெற்றவர்களிடமும் அதையே சொன்னார். பழி அந்தப் பையன்மேலேயே போய் விழுந்தது. இவ்வளவு அலட்சியமா இருந்திருக்கானே என்று அவளே தம்பியைத் திட்டி அழுதபோது, அவர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் அவருக்கு அருவருப்பாக இருக்கிறது.

"நாங்க பெரிசா எங்கேயும் போனதில்லை" என்று புதுப்பெண் ஆரம்பித்தாள். "இன்னிக்குக் காலையில பார்த்ததுதான். கீழ ஒரு வளைவுல வேன் நின்னுச்சே, மேகமெல்லாம் நமக்குக் கீழ கடல் மாதிரி கிடந்துச்சே, அங்க."

கண்ணாடிக்காரர் அங்கே இறங்கவில்லை. காட்சி பார்க்கிற இடம் எதிலும் அவர் இறங்குவதில்லை. அவர் இறங்காததால் மனைவியும் வேனிலேயே இருந்தாள்.

"எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுத்துத் தாங்கன்னு ஒருத்தர்கிட்ட கேட்கலாம்னு போனேன். அவர் முந்திக்கிட்டு, என்னை எடுங்கன்னார். எடுத்தேன். இப்ப போன்ல பார்த்தா வெறும் பனிதான் இருக்கு." அவள் குரல் தாழ்ந்தது. "ஷூ... ஒரு கால்ல இல்லைதான். இவங்க சொன்ன மாதிரியேதான் கேட்டார். ஆனா எங்கிட்ட கேக்கலை. எனக்குப் பின்னால இருந்த வேனைப் பார்த்துக் கேட்டார். போதுமா, அத்தான்னு."

தகரத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"அப்புறம்?" என்றாள் கண்ணாடிக்காரரின் மனைவி.

"பின்னாலயே நடந்து ரோட்டுல மேல ஏறிப் போயிட்டார். இந்தப் பக்கமா."

கண்ணாடிக்காரர் வாசலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்தார். மூன்றாவது படியில் ஈரம். வெறுங்கால். விரல்கள் வெளியே பார்த்தபடி.

வெளியே போன கால் இல்லை அது. உள்ளே வருகிற கால்.

எழுந்து கதவைச் சாத்தப் போனார். மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"எங்களுக்கும் ஒரு இடம் இருக்கு" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அவரிடம், "சொல்லுங்க. இப்ப உங்க முறைதானே?"

"எதுக்கும்மா இப்ப அது..."

"சொல்லுங்க."

அவர் சொன்னார். அருவி எவ்வளவு உயரம், சாரல் எவ்வளவு தூரம் அடிக்கும், வெயில் பட்டால் வானவில் எப்படி நிற்கும் என்று சுற்றி வளைத்தார். பாறை வரைக்கும் வந்தார். உண்மை நாக்கின் நுனியில்தான் இருந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார், சத்தியமாக. ஆனால் ஒன்பது வருஷப் பழக்கம்.

"நான் போதும் போதும்னு கத்தினேன். அவன் காதுல வாங்கலை."

டக்.

வெளியே ஷூக்கால் கல்லில் பட்ட சத்தம். அதன் பின்னால், ஈரமாக, சப்பென்று இன்னொன்று. டக். சப். நிதானமாக. இடம் பார்த்து வைக்கிற மாதிரி.

நிலைப்படியில் ஒரு முதுகு தெரிந்தது.

நனைந்த சட்டை ஒட்டிக்கொண்ட முதுகு. பனியைப் பார்த்து நிற்கிறான். சட்டை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பாசி வாசனை.

"போதுமா, அத்தான்?"

குரலில் கோபமே இல்லை. அன்றைக்குக் கேட்ட அதே சிரிப்புக் குரல். எல்லோரும் கேட்டார்கள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டிரைவர் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

மனைவி தம்பியைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தாள்.

"போதும்னு கத்தினேன்னீங்களே. அப்புறம் ஏன் அவன் இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கான்?"

டக். முதுகு ஒரு அடி உள்ளே வந்தது. அவர் ஒரு அடி பின்னால் போனார். சப். இன்னொரு அடி. கூடத்தின் மறுகோடியில், பள்ளத்தாக்கு விளிம்பில் கட்டிய காட்சி மேடைக்குப் போகிற கதவு, அவர் முதுகு பட்டுத் திறந்துகொண்டது. குளிர். வெளுப்பு. காலுக்கடியில் வழுக்கும் கல்.

"நீங்க என்னதான் சொன்னீங்க அவன்கிட்ட?" அவளும் கூடவே வந்துகொண்டிருந்தாள், தம்பியைச் சுற்றிப் போய் அவனுக்கு முன்னால், அவன் முகத்துக்கு நேர் எதிரே. அவன் தோளுக்கு மேலாகக் கணவரைப் பார்த்தபடி. "உண்மையைச் சொல்லுங்க."

"இன்னும் ஒரு அடின்னேன்" என்றார் கண்ணாடிக்காரர். "பாசியைப் பார்த்தேன். பார்த்துட்டுதான் சொன்னேன். படம் நல்லா வரணும்னு. என்னை மன்னிச்சிடும்மா."

சொல்லிவிட்டார். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. கண்ணீர் கொட்டியது. முதுகு நின்றுவிட்டது. ஒரு முழம் தள்ளி, அசையாமல், அப்படியே. அவரும் நின்றார். முழங்கால் மடிப்பில் விளிம்புக் கல் சில்லென்று பட்டது. அதற்குப் பின்னால் வெறும் பனி. கீழே, வெகு ஆழத்தில், தண்ணீர் விழுகிற இரைச்சல். போதும் என்று சொல்ல வாயெடுத்தார். இவ்வளவு வருஷம் கழித்து, கடைசியாக.

அவன் அவரைக் கேட்கவில்லை.

"போதுமா, அக்கா?"

அவள் தம்பியின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். ஈர முடியை நெற்றியிலிருந்து ஒதுக்கிவிட்டாள். பிறகு அவன் தோளுக்கு மேலாகக் கணவரைப் பார்த்தாள். ஒரு கண்ணை இடுக்கி, படம் எடுக்கிறவள் மாதிரி தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு அடி" என்றாள்.