ஸ்வாதி வரைந்த கொட்டகை

“உங்க வீட்டுக்கு உள்ளே எப்படி இருக்கும்? வரைஞ்சு காட்டுங்க” என்றார் கலைவாணி டீச்சர்.

எல்லோரும் டிவி, கட்டில், பீரோ என்று வரைந்தார்கள். ஸ்வாதி மட்டும் மாட்டுக் கொட்டகையின் உள்பக்கத்தை வரைந்திருந்தாள். மூங்கில் கழிகள், கீற்று இடுக்கில் விழும் வெயில், மூலையில் சாணிக்கூடை என ஒன்றையும் விடவில்லை.

“இன்னா ஸ்வாதி, மாட்டு கூடவா தூங்குற?” என்றான் ஃபஹீம். வகுப்பே சிரித்தது. ஸ்வாதி தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்தில் இருந்த ஹிபா சிரிக்கவில்லை. படத்தையே பார்த்தாள். பெரிய தொட்டியில் வைக்கோல் அப்படியே இருந்தது. தடித்த கயிறு ஒன்று தரையில் கிடந்தது. அதில் மாடு இல்லை. ஒரு கன்றுக்குட்டி மட்டும் வாசலைப் பார்த்தபடி நின்றது.

“இதோட அம்மா எங்க ஸ்வாதி?” என்று மெதுவாகக் கேட்டாள்.

ஸ்வாதி படத்தில் இருந்த கன்றை விரலால் தொட்டாள்.

“செத்துப்போச்சு. வயித்துல பிளாஸ்டிக் கவரு அடைச்சிகினு கீதுன்னு டாக்டர் சொன்னாரு. கன்னுக்குட்டிக்கு அது தெரியல. வாசலையே பார்த்துகினு நிக்குது. பாட்டில்ல பால் குடுத்தா மூஞ்சைத் திருப்பிக்குது. இப்படியே இருந்தா அதுவும்...”



ஃபஹீம் எழுந்து வந்தான். “சாரி ஸ்வாதி. எனக்குத் தெரியாது” என்றான்.

ஹிபா மறுபடியும் படத்தை உற்றுப் பார்த்தாள். சுவரில் ஒரு சாக்கு தொங்கியது.

“இது எதுக்கு?”

“மழை பேஞ்சா அம்மா மாட்டு முதுகுல போர்த்துவோம்.”

“அதைத் தோச்சுட்டீங்களா?”

“இல்லையே. ஏன்?”

“அப்போ அதுல அம்மா வாசனை இருக்கும். எங்க அம்மா வெளிய போனா, என் தம்பி அவங்க துப்பட்டாவைப் புடிச்சிகினுதான் தூங்குவான்.”

மாலையில் ஹிபாவும் ஸ்வாதியோடு வெள்ளானூரில் இருந்த அவள் வீட்டுக்குப் போனாள். ஸ்வாதியின் அப்பா சம்பத் பால் பாட்டிலைக் கொண்டுவந்தார். அதன்மேல் சாக்கைச் சுற்றி ஸ்வாதி நீட்டினாள்.

கன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு மூக்கை உயர்த்தி மோந்தது. மெல்லக் கிட்டே வந்தது. சாக்கில் முகத்தைத் தேய்த்து, “ம்மா” என்று ஒரே ஒரு தரம் கத்தியது.

அப்புறம் அது ரப்பர் காம்பைக் கவ்விப் பால் குடிக்கத் தொடங்கியது.

“குடிக்குதுப்பா! குடிக்குது!” என்ற ஸ்வாதி, அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த அழுகையை வாய்விட்டு அழுதாள்.

“அழாதே” என்று ஹிபா சொல்லவில்லை. ஸ்வாதி அழுது முடிக்கும்வரை தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.