எடுத்தால் வைக்க வேண்டும்

நவம்பரில் விஸ்கான்சின் காட்டுக்குள் ஆரஞ்சு உடுப்பு இல்லாமல் போகிறவன் உயிர்மேல் ஆசையில்லாதவன். மான் வேட்டைக் காலம் அது, மானென்று சுட்டுவிடுவார்கள். அதனால் ஆர்லிஸும் அவள் கணவன் வெண்டெலும் தலைமுதல் இடுப்புவரை பளீரென்ற ஆரஞ்சில் காரைவிட்டு இறங்கினார்கள். மதியம் மூன்று மணிதான். அதற்குள் வெளிச்சம் மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தது.

"எவனோ வேலையத்தவன் பண்ற கூத்து இது, ஆர்லிஸ்," என்றான் வெண்டெல். "போன வருஷம் போலீஸ், நாய், ஹெலிகாப்டர்னு காட்டையே புரட்டிப் போட்டாங்க. ஒரு பெட்டியும் கெடைக்கல."

"கெடைக்கலன்னா இல்லன்னு அர்த்தமா?"

அவள் கையிலிருந்த ஜி.பி.எஸ். கருவியில் ஓர் அம்பு மினுங்கியது. புதையல் வேட்டை மாதிரி ஒரு விளையாட்டு அது: யாரோ காட்டில் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, இடத்தின் எண்களை அறிவிப்பார்கள். கருவி காட்டும் வழியில் போய்த் தேட வேண்டும். முதலில் கண்டுபிடிப்பவருக்கே பெருமை. அவர்கள் மகள் பிரிட்டாவுக்கு அந்தப் பெருமைப் பைத்தியம் தலைக்கேறியிருந்தது. போன நவம்பரில் புதுப் பெட்டி ஒன்று அறிவிக்கப்பட்டதும், பாதிக் காபியை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினாள். அவள் கார் இதே இடத்தில் நின்றது. அவள் திரும்பவில்லை. அறிவிப்பும் அன்றே மறைந்துபோனது.

இன்று காலை அதே எண்கள் மறுபடி வந்திருந்தன. யாரும் இன்னும் கண்டுபிடிக்காத பெட்டியாம்.

ஒரு துணி, ஓர் எலும்பு, எதுவானாலும் சரி, மகளுடையது ஒன்று கைக்குக் கிடைத்தால் போதும் என்றுதான் ஆர்லிஸ் வந்திருந்தாள். வெறுங்கையோடு இன்னொரு வருடம் அவளால் முடியாது.

பனியுக முடிவில் பனியாறு பின்வாங்கியபோது கொட்டிவிட்டுப் போன கூழாங்கல் மேட்டின் முதுகில் பாதை வளைந்து வளைந்து போனது. போகிற அவசரத்தில் பனி சில பெருங்கட்டிகளை மண்ணுக்குள்ளேயே விட்டுப் போயிருந்தது. அவை உருகிய இடமெல்லாம் ஆழமான குழி. அம்பு அப்படியொரு குழிக்குள்தான் காட்டியது.

"உன் அம்பு நம்மள நேரா நரகத்துக்கே கூட்டிட்டுப் போகுது," என்று வெண்டெல் சிரிக்கப் பார்த்தான். 

இறங்க இறங்கக் குளிர் கூடியது. தூரத்துத் துப்பாக்கிச் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அடியில் கருத்த சதுப்பு நீர், சலனமில்லாமல். ஈரக் கம்பளியின் வாடை மூக்கில் ஏறியது. இரண்டு பேருமே அதை முகர்ந்தார்கள், இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

அம்பு கிறுகிறுவென்று சுற்றியது. கடைசிப் பத்தடிக்குக் கருவியை நம்பக்கூடாது, கண்ணைத்தான் நம்ப வேண்டும். ஆர்லிஸ் அதைப் பைக்குள் போட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். ஒரு பாறை இடுக்கில் சுள்ளிகள் ஒரே அளவில், பக்கம் பக்கமாகக் கிடந்தன. காடு சுள்ளியை அடுக்கி வைக்காது. பெட்டி ஒளிப்பவர்கள்தான் அடுக்குவார்கள்.

பழைய ராணுவத் தோட்டாப் பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் டைனோசர், இரண்டு கோலிக்குண்டு. மேலே ஓர் ஆரஞ்சுக் கம்பளித் தொப்பி. பிரிட்டாவுக்காக ஆர்லிஸ் பின்னியது. நூல் தீர்ந்துபோய், இடது காதோரம் சிவப்பு நூலில் முடித்திருந்தாள்.

எடுத்தாள்.

சூடாக இருந்தது.

இப்போதுதான் தலையிலிருந்து கழற்றியது போல.

"பதிலுக்கு ஏதாவது வச்சிடு," வெண்டெல் கிசுகிசுத்தான். "ஒண்ண எடுத்தா அதே மதிப்புக்கு ஒண்ணு வைக்கணும். நீதான அவளுக்குச் சொல்லிக்குடுத்த?"

உண்மைதான். ஆறு வயதில் பிரிட்டா இப்படியொரு பெட்டியிலிருந்து ஒரு பாசிமணியைச் சும்மா எடுத்து வந்துவிட்டாள். அழ அழ அவளைத் திரும்பக் கூட்டிப்போய், அவளுடைய பொம்மைக் குதிரையை அந்தப் பெட்டிக்குள் வைக்கச் செய்தவள் ஆர்லிஸ்தான்.

"இது எம் பொண்ணோடது," என்றாள். "எம் பொண்ணோடத எடுக்க நான் எதுக்கு விலை குடுக்கணும்?"

மூடியை அறைந்து சாத்தினாள்.

அவள் முன்னால் ஏற, வெண்டெல் பின்னால் வந்தான். மூட்டுவலிக்கு அவன் முனகுவதும், சரளை உருளுவதும் கேட்டன. பாதிச் சரிவில் முனகல் நின்றது. காலடி மட்டும் வந்தது.

லேசான காலடி.

"வெண்டெல்?"

"மெதுவாப் போம்மா." அது வெண்டெலின் குரல் அல்ல.

ஆர்லிஸ் திரும்பவில்லை. திரும்பினால் யாரும் இல்லாமல் போய்விடுமோ என்றுதான் பயந்தாள். தொப்பியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு கார்வரை நடந்தாள்.

பைக்குள் கருவி சிணுங்கியது. புதுப் பெட்டி. அதே எண்கள். உள்ளே என்ன இருக்கும் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. அதை எடுக்க எதை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்தது.

குழியின் அடியிலிருந்து வெண்டெலின் குரல் எழுந்தது. "ஆர்லிஸ்! எங்க இருக்க? ஒண்ணுமே தெரியல!"

காரின் பின்கதவு திறந்து மூடியது. சீட் பெல்ட் மாட்டும் சத்தம்.

"வீட்டுக்குப் போலாம்மா. குளிருது."

ஆர்லிஸ் தேம்பித் தேம்பி அழுதாள். அழுதுகொண்டே சாவியைத் திருப்பினாள்.

அன்றிரவு எதிர் நாற்காலி சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. அவள் தொப்பியை அதன் முன்னால் வைத்தாள், ஒரு கோப்பை காபியும் வைத்தாள். நாற்காலியை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசையில் கருவி மினுங்கிக்கொண்டே இருந்தது. புதுப் பெட்டி, யாரும் கண்டுபிடிக்காதது. அதை அணைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அங்கேயே தலைசாய்த்துத் தூங்கிப்போனாள்.

விடிந்தபோது வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. தொப்பி இல்லை. ஈரக் காலடிகள் வெளியே போயிருந்தன, ஓடிய காலடிகள்.

கருவியில் அந்தப் புதுப் பெட்டிக்குக் கீழே ஒரே ஒரு வரி: முதலில் கண்டுபிடித்தவர், பிரிட்டா.

கோப்பையில் பாதிக் காபி மிச்சமிருந்தது. ஆர்லிஸ் தொட்டுப் பார்த்தாள்.

இன்னும் சூடாக இருந்தது.