மத்தவங்க வந்துடட்டும்

பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் டெரிக்கின் ரெக்கார்டிங் ஸ்டூடியோ இருந்தது. மழை பெய்தால் அதன் மரப்படிகளில் ஊறிய வாடை எழும். அப்படியொரு மழை மாலையில், கச்சேரிக்குக் கட்டும் கறுப்புப் புடவையில், வயலின் பெட்டியோடு மூச்சு வாங்க ஏறி வந்தார் மௌரீன். வாசலில் நின்று வழக்கம்போல் லேசாக இருமினார்.

அந்தப் புடவையைப் பார்த்ததுமே டெரிக்கின் முகம் சுண்டிவிட்டது.

தான் இசையமைக்கும் படத்தின் டைரக்டரிடம் முப்பது வயலின்கள் நேரில் வாசிப்பதாக அவன் அளந்துவிட்டிருந்தான். அந்த முப்பதும் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. எந்த நாட்டிலோ யார் யாரோ ஒவ்வொரு நோட்டாகத் தனித்தனியே வாசித்துப் பதிவு செய்து விற்றவை. கீபோர்டில் கட்டையை அழுத்தினால் ஒலிக்கும். அவற்றின் மேல் ஒரே ஒரு நிஜ வயலினைச் சேர்த்துவிட்டால் போதும், மொத்தமும் நிஜம் மாதிரிக் கேட்கும். தொழிலில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் மௌரீனை வருஷக்கணக்கில் யாரும் வாசிக்கக் கூப்பிட்டதில்லை. அவரிடம் போய் இதைச் சொல்ல நாக்கு எழுமா? "பெரிய குரூப் ஆன்ட்டி" என்று போனில் சொல்லிவைத்துவிட்டான், பாவி.

"மத்தவங்க எங்கப்பா?"

"வந்துட்டே இருக்காங்க ஆன்ட்டி. சில்க் போர்டுல செம ஜாம்."

பெங்களூரில் இந்தப் பொய்யை நம்பாத ஆள் கிடையாது. மௌரீனும் நம்பினார். "ஐயோ பாவம், மழையில வர்றாங்க. வந்ததும் உட்காரட்டும்" என்று தானே நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போட்டார். வாசிக்கும் அறையைப் பிரிக்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அதைப் பார்க்க டெரிக்குக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அவங்க வர்ற வரைக்கும் டிராக்கோட சேர்ந்து வாசிங்க ஆன்ட்டி."

வாசித்தார். அருமையாக இருந்தது. இன்னொரு தடவை கேட்டான்.

இம்முறை ஹெட்போனில் வேறு ஏதோ சேர்ந்து கேட்டது. யாரோ மூச்சை இழுத்துப் பிடிக்கும் ஒலி. நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

மௌரீன் பக்கத்து நாற்காலியைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிறகு, இசைத் தாளை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

"ஆன்ட்டி... அங்க யாரு?"

"நம்ம ஆளுங்க இல்ல மேன்." மைக்கில் அவர் குரல் கிசுகிசுத்தது. "இவங்க முன்னாடியே இங்கதான் இருக்காங்களாம். ஒரே நோட்டையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்றியாமே? வேலை முடிஞ்சுது, பேக்கப்னு யாருமே சொல்லலையாம். சொல்லாம எப்படி எழுந்து போறதுன்னு கேக்கறாங்க."

அப்போதாவது டெரிக் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மௌரீனின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத்தான் அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீங்க வீட்டுக்குப் போங்க ஆன்ட்டி. மத்தவங்க வந்ததும் கூப்பிடறேன்."

"கட்டாயம் கூப்பிடுவியா?"

"கட்டாயம்."

தொம்மலூர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டான். ஆட்டோ தெரு திரும்பும்வரை அவர் கையசைத்துக்கொண்டே போனார்.

மேலே வந்தபோது அறை முழுக்க, வயலின் வில்லில் தேய்க்கும் ரோசின் வாடை. ஒரு நாற்காலியைத் தொட்டான்.

சூடாக இருந்தது.

கைகூப்பினான். "தப்புதாங்க. மன்னிச்சிருங்க. எல்லாரும் போங்க... பேக்கப்."

நாற்காலிகள் ஒவ்வொன்றாய்ப் பின்னுக்கு நகர்ந்தன. மரப்படிகளில் பல ஜோடிக் கால்கள் நிதானமாக இறங்கின. அப்புறம் மழைச் சத்தம் மட்டும்.

அப்பாடா!

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினான். சத்தமில்லை. அடுத்ததிலும் இல்லை. முப்பது பேரும் போய்விட்டார்கள். கடைசிக் கட்டை வரை அழுத்திக்கொண்டே போனான்.

கடைசிக் கட்டை ஒலித்தது.

தனி வயலின். அதற்கு முன்னால், லேசான ஓர் இருமல்.

விரலை எடுத்தான். நோட்டு நிற்கவில்லை.

"ஆன்ட்டி!" என்று அலறினான். "போதும் ஆன்ட்டி! பேக்கப்!"

வயலின் நின்றது. ஸ்பீக்கரில் மௌரீனின் குரல் அன்பாகக் கேட்டது.

"மத்தவங்க வந்துடட்டும்ப்பா. ஜாம்னு சொன்னியே."

அதே நோட்டு மறுபடி தொடங்கியது.