ஒரு நிமிட மௌனம்

மௌனத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது யாரோ இரண்டு முறை தட்டினார்கள்.

எங்கே படம் எடுத்தாலும் அந்த இடத்தின் மௌனத்தை ஒரு நிமிடம் தனியாகப் பிடித்து வைப்பது ஒலிப்பதிவாளனான அவனுடைய வேலை. இது பேய்ப்படம்; இடம், மனநோயாளிக் கைதிகளை அடைத்து வைத்திருந்து இப்போது மூடிக்கிடக்கும் சிறை. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்துப் பட்டப்பகலில் இருட்டைத் தயாரித்திருந்தார்கள். பினாயிலும் துருவும் ஈரச்சுவரும் கலந்த வாடையை மட்டும் யாரும் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை.

"சார், இன்னொரு தடவை. யாரோ தட்டுறாங்க," என்றான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே," என்றார் டைரக்டர். "சரி, உயிரோட இருக்கறவங்கல்லாம் சும்மா இருங்கப்பா."

"பேய் வேஷம் போட்டவரே பாத்ரூமுக்குத் துணை கேக்கறாரு சார்," என்றார் லைட்மேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

இரண்டு தட்டினால் 'தூங்கிட்டியா?' பதிலுக்கு ஒன்று தட்டினால் 'இல்ல.' சிறுவயதில் அவனும் அண்ணனும் சுவருக்கு இருபுறமும் படுத்துப் பேசிய பாஷை. பந்து பட்டுக் கோணிப்போன சுண்டுவிரலால்தான் அண்ணன் தட்டுவான். பதில் வராவிட்டால் தூங்கிவிடுவான். அந்த அண்ணனைப் பிற்பாடு அடைத்தது இங்கேதான். வீட்டுக்குத் திரும்பி வந்தது ஒரு வெள்ளைத் துணி மூட்டை. அவிழ்க்க விடவில்லை.

மறுபடி மௌனம். மொத்த யூனிட்டும் மூச்சைப் பிடித்து நின்றது. ஹெட்போனில் சுவர்களின் இரைச்சல், எங்கோ குழாயில் காற்று, அதற்கும் அடியில், வராந்தாவின் கடைசியிலிருந்து, களைத்துப்போன இரண்டு தட்டல்.

அவன் அசையக்கூடாது.

மறுபடி இரண்டு. இன்னும் மெதுவாக.

தூங்கிவிடுவான்.

அவன் மண்டியிட்டுத் தரையில் ஒருமுறை தட்டினான்.

"டேய், நீயே கெடுத்துட்டியே. யாரைக் கேட்டுத் தட்டின?"

"அண்ணன் கூப்பிட்டான் சார்."

யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்துக் கதவில் இரண்டு தட்டல். எதிர்க்கதவில் இரண்டு. அதற்கடுத்ததில். அதற்கும் அடுத்ததில். வராந்தா முழுக்க. எல்லோருமே யாரோ ஒருவரின் பதிலுக்காக விழித்திருந்தவர்கள்.

இதில் எது அண்ணன்?

கதவுகளுக்கு அடியில் விரல்கள் நீண்டன.

அவன் ஹெட்போனோடு தவழ்ந்தான். கோணல் சுண்டுவிரலைத் தேடி. முதல் கதவு. கோணல். அடுத்தது. கோணல். அதற்கடுத்ததும்.

தட்டித் தட்டி எல்லா விரல்களுமே கோணியிருந்தன. அவன் எதைத் தொடப்போகிறான் என்று அத்தனையும் அசையாமல் காத்திருந்தன.