நாற்காலிமானி

அமைச்சர் மூன்றாவது வாக்கியத்தை முடிப்பதற்குள் கிசுமு நகர மைதானத்தில் இருந்த அத்தனை கைப்பேசிகளும் சிவந்துவிட்டன. எண்பத்தெட்டு. மனிதர் பேச்சைச் சுருட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டார். ஏரிக்கரை ஊர்களில் இப்போதெல்லாம் இதுதான் வழக்கம். மேடை ஏறுகிறவர் மைக்கைப் பார்ப்பதில்லை, முன்வரிசைப் பிள்ளைகளின் கைகளைத்தான் பார்க்கிறார்.

கருவியின் பெயர் நாற்காலிமானி. பதவியை விட்டு இறங்க மறுத்த ஆட்சியாளர்கள் உலகம் முழுக்க நூறு வருஷமாகப் பேசியதை எல்லாம் அதற்குள் கொட்டி வைத்திருக்கிறது. புதிதாக யார் பேசினாலும் ஒப்பிட்டுப் பார்த்து, நாற்காலி ஆசை நூற்றுக்கு எத்தனை என்று சொல்லிவிடும். மேடைப் பேச்சு கேட்டே வளர்ந்த நமக்கு இதன் அருமை புரியாதா என்ன!

அது ஓடுவது தோள்வலையில். தேர்தல் வந்தால் அரசாங்கம் இணையத்தை அணைத்துவிடும், இளைஞர்கள் வாயடைத்துப் போவார்கள். அதனால் கோபுரமே வேண்டாம் என்று, கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்கு நேராகச் செய்தி தாவும்படி ஒரு வலை. பேருந்தில் பக்கத்தில் நிற்பவனின் கைப்பேசிதான் உங்கள் கோபுரம். ஒன்பது நாடுகளின் இளைஞர்கள் வேலை தேடுவது, மீன் விலை கேட்பது, மேயரைக் குடைவது எல்லாம் அதில்தான். யாராலும் அணைக்க முடியாது. பொத்தான் இருந்தால் அல்லவா அணைப்பதற்கு!

இரண்டையும் செய்தவள் அவூர். அப்போது அவளுக்கு வயது இருபது, கல்லூரி மாணவி. கிழவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்று ஒரு விதியும் எழுதிவைத்தாள். முப்பத்தைந்து நிறைந்தவர்கள் வலையில் கேட்கலாம், பேச முடியாது. இருபது வயதில் முப்பத்தைந்து என்றால் சுடுகாட்டுக்குப் பக்கம் என்றுதானே தோன்றும்?

வருகிற வியாழக்கிழமை அவூருக்கு முப்பத்தைந்து நிறைகிறது.

கெட்ட நேரம் பாருங்கள், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வலையில் வாக்கெடுப்பு. மேகப்பாலம் என்ற செயற்கைக்கோள் நிறுவனம் எல்லாருக்கும் புதுக் கைப்பேசி இலவசம் என்கிறது. பதிலுக்கு, வலை இனி அவர்களுடைய செயற்கைக்கோள் வழியாக ஓட வேண்டும். அதாவது பொத்தான் வந்துவிடும், அவர்கள் கையில். பிள்ளைகளோ புதுக் கைப்பேசி என்றதும் துள்ளிக்கொண்டிருந்தார்கள். அவூர் மட்டும் துள்ளவில்லை.

ஏரிக்கரை மீன் கடையில் நெகேசாவைப் பிடித்தாள். நெகேசாவுக்கு இருபத்து மூன்று வயது. இந்த வருஷம் வலையின் அவைத்தலைவி அவள்தான், அடுத்த மாதம் பதவி முடிகிறது.

"வயசு வரம்பை நாப்பது ஆக்கிடலாம்டி. ஞாயித்துக்கிழமை நான் பேசியே ஆகணும்."

நெகேசா மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினாள். "அவையில கேளுங்கக்கா. எல்லாருக்கும் உள்ள முறைதானே."

அன்று சாயங்காலமே அவூர் வலையில் பேசினாள். "நான் எனக்காகக் கேக்கலை. இந்த ஒரு தடவைதான். இப்ப இருக்கற நிலைமையில அனுபவம் உள்ளவங்க வேணும். வேலை பாதியில நிக்குது."

தொண்ணூற்று மூன்று.

ஒன்பது நாடும் விழுந்து விழுந்து சிரித்தது. அமைச்சரே எண்பத்தெட்டுதான்! "கருவி தப்பாக் காட்டுது!" என்று அவூர் கத்தினாள். தொண்ணூற்றாறு ஆனது.

நெகேசா தனியாக அழைத்தாள். "அக்கா, நாலு வரி பேசினீங்க. நாலும் நாலு சர்வாதிகாரிங்க பேசினது. ஒரு எழுத்துகூட மாறலை."

"எனக்கா நாற்காலி ஆசை? என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"தெரியும்கா. அதனாலதான் கஷ்டமா இருக்கு."

அவூருக்கு அவமானத்தில் அழுகை வந்தது. அழுது முடித்ததும் வீம்பு வந்தது. மானியை எழுதியவளுக்கு அதை ஏமாற்றத் தெரியாதா? அந்த நாலு வரியையும் தூக்கிவிட்டு, அதே கோரிக்கையை வேறு வார்த்தைகளில் எழுதினாள். 'நான்' வந்த இடத்தில் எல்லாம் 'நாம்' என்று போட்டாள். வீட்டிலேயே படித்துப் பார்த்தாள். மூன்று! பச்சைப் பசேல் என்று காட்டியது.

துள்ளிக் குதித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேகப்பாலத்தின் சார்பில் பேசிய பையனுக்கு மானி எப்போதும் இரண்டுதான் காட்டியிருந்தது. பச்சை என்பதாலேயே பிள்ளைகள் அவனை நம்பிவிட்டார்கள். அந்த நிறுவனத்துக்கு நாற்காலி எதற்கு? நாற்காலி போட்டிருக்கும் வீட்டையே அல்லவா கேட்கிறார்கள்! அந்த ஆசையை அளக்க மானிக்கு அவள் சொல்லித் தரவே இல்லை.

புதன்கிழமை, அவள் பேசக்கூடிய கடைசி நாள். திருத்திய பேச்சை வலையில் படித்தாள். எல்லாக் கைப்பேசிகளும் பச்சை காட்டின, பாராட்டு குவிந்தது. அத்தோடு வாயை மூடியிருந்தால் நாற்பது வயதுவரை பேசியிருக்கலாம்.

"பச்சையா இருக்கா?" என்று கேட்டாள். "அதே அவூர்தான், அதே ஆசைதான். நாலு வரியை மாத்தினேன், அவ்வளவுதான். நாற்காலி வேணும்னு இப்பவும் மனசு அடிச்சுக்குது. என்னால இதை ஏமாத்த முடியுதுன்னா மேகப்பாலத்தால முடியாதா? அந்த ரெண்டை நம்பியா ஓட்டுப் போடப் போறீங்க?"

வியாழக்கிழமை காலையில் அவள் கைப்பேசி ஊமையாகிவிட்டது. நெகேசாவிடமிருந்து வாழ்த்து வந்திருந்தது. 'பிறந்தநாள் வாழ்த்துகள், அம்மா.' நேற்றுவரை அக்கா! அவூருக்குச் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை மேகப்பாலம் தோற்றது. மானியையும் நீக்கிவிடுவது என்று அவை முடிவு செய்தது. அவூர் மீன் கடையில் இருந்த எல்லாருக்கும் மீன் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினாள்.

அடுத்த மாதம் நெகேசாவின் பதவி முடியும் நாள் வந்தது. வலையில் அவள் குரல் கணீரென்று கேட்டது. "நான் எனக்காகக் கேக்கலை. மேகப்பாலம் திரும்பி வரலாம். இந்த ஒரு தடவை மட்டும் தேர்தலைத் தள்ளி வைக்கலாம்."

ஒரு கைப்பேசியும் சிவக்கவில்லை. மீன் கடையில் கேட்டுக்கொண்டிருந்த அவூருக்குப் பகீரென்றது. "தொண்ணூறு! தொண்ணூறுக்கு மேல!" என்று அலறினாள். மீன் பொரிப்பவர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

அப்போது மலாவி பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சின்னப் பெண் கேட்டாள். "அக்கா, இது அவூர் பேச்சாச்சே?"

அப்புறம் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி வலை முழுக்கப் பரவியது. நெகேசாவும் சிரித்துவிட்டாள். "ஐயோ, மானத்தை வாங்காதீங்க. தேர்தல் தேதியைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மாணவர் தலைவனோ மேயரோ கால்பந்து அணித் தலைவனோ, நாற்காலியை விடாமல் யார் இழுத்தாலும், "அவூர் பேச்சு பேசாதே" என்கிறார்கள் பிள்ளைகள். கருவி இல்லை, எண் இல்லை, ஒன்பது நாட்டிலும் வேலை நடக்கிறது. அவூர் யார் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. "அவ அப்படிப்பட்டவ இல்லடா!" என்று சொல்ல ஒவ்வொரு தடவையும் அவள் வாயெடுக்கிறாள். கைப்பேசியில் கேட்க மட்டும்தான் முடிகிறது.