திசைக்கோலுக்குக் கிடைத்த அனுமதி

மனிதகுல வரலாற்றில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த பெரும் பாய்ச்சல், இன்று பிற்பகல் நங்கநல்லூர் நாதலய சபாவில், செயற்குழுவின் முன்னிலையில் நிகழும் என்று அழைப்பிதழ் அறிவித்தது. சிற்றுண்டி உண்டு என்றும் அறிவித்தது.

பாய்ச்சலின் பெயர் திசைக்கோல். 2061இல் வீணைக்கும் வயலினுக்கும் பக்கத்தில் தொடுப்பிசை என்னும் மின்னிசைக் கருவிகள் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டன. ஒலி எழுப்ப ஒரு பெட்டி, வடிகட்ட ஒரு பெட்டி, நடுவே இடியாப்பம்போல் கம்பிகள். குமிழைத் திருகித் திருகி வாசித்ததில் கமகம் மட்டும் வரவே மாட்டேன் என்றது. துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டிய மிருணாளினி, அதன் கைப்பிடியைச் சிறிதாக்கித் திசைக்கோலாகக் கருவியில் பொருத்தினாள். பக்கவாட்டில் சாய்த்தால் சுருதி மாறும். முன்பின்னாகச் சாய்த்தால் ஒலியின் குழைவு மாறும்.

அதோடு விட்டிருக்கலாம். தலைகள் ஆடினால்தான் கச்சேரி தேறியது என்பது அவள் வளர்ந்த பேட்டையின் சட்டம். ஆகவே நாற்காலி முதுகுகளில் தலையசைவுமானிகளை வைத்தாள். எந்தச் சங்கதிக்குத் தலைகள் அதிகம் ஆடுகின்றனவோ, அந்தப் பக்கமாகக் கோலே வாசிப்பவர் கையை இழுத்துப் போகும்.

குழு ஒப்பினால் மார்கழி மேடை. இல்லையென்றால் மறுபடி துறைமுகம்.

குழுவினர் நேரே ஒரு கல்யாணப் பந்தியிலிருந்து வந்திருந்தார்கள். தலைவர் பிரசன்னா, இது பேரன் வீடியோ கேம் ஆடும் கட்டைபோல் இருக்கிறதே என்று சந்தேகம் கிளப்பிவிட்டு முன்வரிசையில் சாய்ந்தார். மிருணாளினி விறுவிறுப்பாகத் தொடங்கினாள். ஒரு தலையும் அசையவில்லை. சற்று நேரத்தில் தலைவரின் தலை மட்டும் முன்னால் சரிந்து, திடுக்கிட்டு நிமிர்ந்து, மறுபடி சரிந்தது. கோல் அதைப் பெரும் பாராட்டாக எடுத்துக்கொண்டு அவள் கையைத் தாழ்ந்த சுரங்களுக்கு இழுத்தது. அவள் எதிர்ப்பக்கம் தள்ளிப் பார்த்தாள். வரிசையாக எல்லாத் தலைகளும் ஆடத் தொடங்கவே, கோல் இன்னும் கீழே, இன்னும் மெதுவாகப் போனது. தூளி ஆட்டுவதுபோல் அவள் கை ஆடியது.

எப்போதோ கைதட்டல் கேட்டது.

"இப்படி ஒரு தோடி கேட்டு எத்தனை வருஷமாச்சும்மா" என்றார் தலைவர். அவர் கன்னத்தில் நாற்காலிப் பின்னலின் தடம் பதிந்திருந்தது.

"தோடியா? அது சுத்த தன்யாசின்னோ" என்றார் செயலாளர் ரம்யா மாமி. "தூங்கிட்டேளா சார்?"

"யாரு, நானா? கண்ணை மூடிண்டு அனுபவிச்சேன். நீயே சொல்லும்மா, என்ன ராகம்?"

மிருணாளினிக்குத் துறைமுகம் கண்ணில் வந்து போனது.

"ரெண்டு பேர் சொன்னதும் சரிதான் சார். ராகமாலிகை."

அனுமதி ஏகமனதாகக் கிடைத்தது. நுட்பமான செவிகளுக்கே எட்டும் இசை என்று தீர்மானத்தில் எழுதினார்கள். அன்று அரங்கில் என்ன ஒலித்தது என்று யாருக்கும் தெரியாது, வாசித்தவளும் தூங்கிப்போயிருந்தாள்.