சுதேசி உருளைக்கிழங்கு

எங்கள் பவானிபூர் சந்தில் எது நடந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு ஜன்னல் வைத்துவிட்டார்கள், நான் என்ன செய்ய?

அது சுதேசி வருஷம். பெரியவர்கள் அந்நியத் துணிகளைக் கொளுத்தினார்கள். சந்து வங்காளிப் பையன்களுக்குத்தான் ஒதுக்க ஒரு சாமானும் அகப்படவில்லை. அவர்களின் தலைவன் நேபாளுக்குப் பதின்மூன்று வயது. பேச்சுக்கு மட்டும் நாற்பது.

அன்று எதிர்வீட்டுத் தமிழ்க் குடும்பத்தில் திவசம். காய்கறி விற்கும் கிரிபாலா, சந்துக்கே மாஷி, அதாவது சித்தி, கூடை நிறைய உருளைக்கிழங்கோடு வந்தாள். அந்த வீட்டு ஜலஜா, ஒன்பது வயதுக்காரி, இன்று வேண்டாம் என்றாள். ஏன் என்று நேபாள் கேட்டான். உருளைக்கிழங்கு கப்பலில் வந்த சீமைக் காய், அதனால் அம்மா திவசத்துக்குச் சேர்க்கமாட்டாள் என்று இவளும் சொல்லிவைத்தாள்.

அவ்வளவுதான். தலைவருக்கு வேலை கிடைத்துவிட்டது. பையன்கள் மாஷியை மறித்துக்கொண்டார்கள். கிழங்கைக் குளத்தில் கொட்டப்போகிறார்களாம். மாஷி கூடையைக் கட்டிக்கொண்டு, இது விற்றால்தான் வீட்டில் உலை வைக்க முடியும் என்று அழுதாள்.

தன் பேச்சால் வந்த வினை என்று ஜலஜாவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே ஓடினாள்.

"அம்மா, இன்னிக்கு வேற எதெல்லாம் சேர்க்கமாட்டே?"

"மிளகாய். காரத்துக்கு மிளகுதான். கிட்ட வராதே, மடி," என்றாள் ஜகதாம்பாள்.

திவசம் செய்விக்க வரும் வாத்தியாருக்காகக் காத்திருந்த அப்பா வைத்தீஸ்வரன் சும்மா இருப்பாரா? கொய்யாகூட அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததுதான் என்று எடுத்துவிட்டார்.

ஜலஜா திரும்பி வந்தபோது நேபாளின் ஒரு கை கூடையில். மறு கையில் கடித்த கொய்யா.

"கொட்டுங்கோ, நேபாள் அண்ணா. ஆனா மிளகாயும் கப்பல்ல வந்ததுதான். இனிமே பொரியில மிளகாய் கிடையாது."

 மீன்குழம்பிலுமா என்று ஒரு பையன் ஈனக்குரலில் கேட்டான். அதிலும்தான் என்றாள் ஜலஜா.

"உங்க கையில இருக்கிற கொய்யாவும்."

நேபாள் மெல்லுவதை நிறுத்தினான். துப்ப மனமில்லை, விழுங்கத் தைரியமில்லை. ஒரு கன்னம் உப்பியபடி நின்றான்.

எனக்கே பாவமாக இருந்தது. ஜலஜாவுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. மாஷியின் பக்கம் திரும்பி, இந்தக் கிழங்கு எங்கே விளைந்தது என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஹூக்ளி ஜில்லாவில். எங்கள் கொல்லையில்," என்றாள் மாஷி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

நேபாள் நிம்மதியாக விழுங்கினான்.

"நம் ஹூக்ளி மண்ணா? இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?" என்று மாஷியையே அதட்டினான். பிறகு கூடையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு, "சுதேசி உருளைக்கிழங்கு!" என்று வீடு வீடாகக் கூவிப்போனான்.

என் வாசலுக்கும் வந்தான். அவ்வளவு பெரிய தலைவரை வெறுங்கையோடு அனுப்பலாமா? இரண்டு சேர் கிழங்கு வாங்கினேன்.